ஓநாய்ச் சிலந்தியா, பி.டி. பாக்டீரியாவா: நெல் வயலில் யார் எதைப் பார்த்துக்கொள்கிறார்கள்?

காவிரிக்கரை:

சிலந்தியையும், புழுக்களைக் கொல்லத் தெளிக்கிற பி.டி. பாக்டீரியாவையும் 'நன்மை செய்யும் உயிரிகள்' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள், பயிற்சிக் கூட்டங்களிலும் சரி, துண்டுப் பிரசுரங்களிலும் சரி. அதனால் என்ன ஆகிறது என்றால், தண்டின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி விழுந்த வயலுக்கு ஒருவர் பி.டி. பொட்டலம் வாங்கி வந்து அடிக்கிறார். ஒரு பூச்சிகூடச் சாகவில்லை. 'இயற்கை மருந்தெல்லாம் சும்மா' என்று சொல்லிவிட்டு அடுத்த நாளே பைரித்ராய்டு என்ற ரசாயனப் பூச்சிக்கொல்லியை வாங்கி அடிக்கிறார், அது புகையானில் பாதியை விட்டுவைத்துவிட்டுச் சிலந்தி எல்லாவற்றையும் கொல்கிறது, அப்புறம் வயல் வட்டம் வட்டமாகத் தீய்ந்து நிற்கிறது. எங்கள் பக்கத்தில் இது வருஷா வருஷம் நடக்கிறது, பார்க்கவே வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

அதனால் இரண்டையும் அக்கம்பக்கமாக வைத்துப் பேசலாம் என்று இதைத் தொடங்குகிறேன். சிலந்தி என்று நான் சொல்வது ஓநாய்ச் சிலந்தி, பார்டோசா சூடோஅனுலேட்டா. பழைய புத்தகங்களில் லைகோசா என்று இருக்கும். வலை பின்னாது, ஓடித்தான் பிடிக்கும். முதுகில் கவட்டை மாதிரிப் பிரியும் வெளிர் கோடு இருக்கும். நட்ட சில நாளிலேயே வயலுக்குள் வந்துவிடும், குஞ்சுகள் நூல் விட்டுக் காற்றில் மிதந்தும் வந்து சேரும். தூரை ஓரமாக விலக்கி அடியில் பாருங்கள், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே புகையான் ஒட்டிக்கொண்டிருக்கிற அதே இடத்தில்தான் இதுவும் நிற்கும். கை பட்டதும் தண்ணீர் மேலேயே ஓடி அடுத்த குத்துக்கு, அதாவது பக்கத்தில் நட்ட நாற்றுக் கொத்துக்குப் போய்விடும், மூழ்காது. பின்பக்கம் ஒரு வெள்ளை உருண்டையை இழுத்துக்கொண்டு போனால் அது முட்டைப் பை. பொரித்ததும் அறுபது எண்பது குஞ்சுகள் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும். வளர்ந்த சிலந்தி ஒரு நாளைக்கு 5 முதல் 15 இரை வரை தின்னும் என்று பிலிப்பைன்ஸில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கையேட்டில் போட்டிருக்கிறார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெல்லைப் பொறுத்தவரை சிலந்திதான் முதல், பி.டி. தேவைப்பட்டால் மட்டும். பாக்டீரியாவைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நுண்ணுயிர்மாணவி:

அண்ணா, பி.டி. புகையானைக் கொல்லாததற்குக் காரணம் அதன் வேலை செய்கிற முறையிலேயே இருக்கிறது. பி.டி.யின் முழுப் பெயர் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், மண்ணில் இருக்கும் கோல் வடிவ பாக்டீரியா, இலை மேலும் செத்த பூச்சிகளிலும் தானியக் கிடங்குத் தூசியிலும்கூடக் கிடைக்கும். சத்து குறைந்ததும் வித்தாக மாறும், மாறும்போது பக்கத்திலேயே ஒரு புரதப் படிகத்தையும் உண்டாக்கி வைக்கும். நாம் அடிக்கிற பொடியில் இருப்பது இந்த வித்தும் படிகமும்தான். தொட்டால் ஒன்றும் ஆகாது, தின்ன வேண்டும். இலையோடு சேர்த்துப் புழு அதைத் தின்றதும், குடலில் இருக்கிற கடுமையான காரத்தன்மையில் படிகம் கரைகிறது, புழுவின் சொந்தச் செரிமான நொதிகளே அதை வெட்டி நஞ்சாக்குகின்றன, அந்த நஞ்சு குடல் சுவரில் தனக்குப் பொருந்துகிற ஏற்பிகளில் போய் ஒட்டி ஓட்டை போடுகிறது. சில மணி நேரத்திலேயே புழு தின்பதை நிறுத்திவிடும். சாவது இரண்டு மூன்று நாள் கழித்து. பலர் மறுநாள் காலையில் போய்ப் பார்த்து, புழு உயிரோடு இருக்கிறதே என்று திரும்பவும் அடிக்கிறார்கள். புழுவைப் பார்க்காதீர்கள், இலையில் புதிதாக ஓட்டை விழுந்திருக்கிறதா, புது எச்சம் கிடக்கிறதா என்று பாருங்கள். செத்த புழு கறுத்து, தொளதொளவென்று தொங்கும், தொட்டால் உள்ளே இருப்பது எல்லாம் நீராக வழியும்.

புகையான் இலையைக் கடிப்பதே இல்லை. தண்டுக்குள் ஊசி வாயை நுழைத்துச் சாற்றை உறிஞ்சுகிறது. இலை மேல் கிடக்கிற படிகம் அதன் வாய்க்குப் போக வழியே இல்லை. பச்சைத் தத்துப்பூச்சிக்கும் இதே கதைதான்.

வரலாறு கொஞ்சம். 1901ல் ஜப்பானில் இஷிவாடா என்பவர் செத்துக்கொண்டிருந்த பட்டுப்புழுவிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். 1911ல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் பெர்லினர் மாவு அந்துப்பூச்சியின் புழுவில் அதையே கண்டு, துரிங்கியா மாநிலத்தின் பெயரை வைத்தார். 1938ல் பிரான்சில் ஸ்போரீன் என்ற பெயரில் விற்பனைக்கே வந்துவிட்டது. இதில் ரகங்கள் உண்டு. குர்ஸ்டாகி ரகம் புழுக்களுக்கு. இஸ்ரேலென்சிஸ் ரகம் கொசுப் புழுவுக்கு, அது 1976ல் நெகேவ் பாலைவனத்தில் ஒரு சிறு குட்டையில் கிடைத்தது. வண்டுகளுக்கும் தனி ரகம் இருக்கிறது. பொட்டலத்தில் எந்த ரகம் என்று படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

பருத்திக்காடு:

நல்ல விளக்கம் தங்கச்சி. ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். நஞ்சைத் தாங்கிக்கொள்ளப் புழுவுக்கு வருகிற எதிர்ப்பு சக்தி. நான் பருத்தி போடுகிறவன். 2002ல், பி.டி.யின் நஞ்சு மரபணுவைச் செடிக்குள்ளேயே வைத்த பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்தபோது காய்ப்புழுவுக்கு மருந்தே அடிக்க வேண்டாம் என்றார்கள், தொடக்கத்தில் அது உண்மையாகவும் இருந்தது, மருந்துச் செலவு குறைந்தது. 2006ல் இரண்டு மரபணு வைத்த ரகம் வந்தது. 2010ல் குஜராத்தில் நாலு மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் ரகத்தைத் தாங்க ஆரம்பித்துவிட்டது என்று விதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. அடுத்த சில வருஷத்தில் இரண்டு மரபணு ரகத்தையும் தாங்கிவிட்டது. இன்றைக்குப் பி.டி. விதைக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதே புழுவுக்கு மருந்தும் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

சிலந்தியைத் தாங்கும் பூச்சி என்று ஒன்று உண்டா? பல்லாயிரம் தலைமுறையாகத் தின்றுகொண்டிருக்கிறது, இன்னும் தின்கிறது. இந்த ஒரு விஷயத்திலேயே சிலந்தி பக்கம்தான் நான்.

நுண்ணுயிர்மாணவி:

அண்ணா, எதிர்ப்பு பற்றி நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. ஆனால் பருத்திச் செடிக்குள் வைத்த மரபணுவும் தெளிக்கிற பாக்டீரியாவும் ஒன்றல்ல. செடிக்குள் இருந்தால் முளைத்ததிலிருந்து காய் வெடிக்கிற வரை, இலையிலும் காயிலும், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே நஞ்சு. ஒவ்வொரு தலைமுறைப் புழுவும் அதில் தேறி வர வேண்டியிருக்கிறது. தெளிப்பது வெயிலில் சில நாளில் வீணாகிவிடும், மழை வந்தால் கழுவிக்கொண்டு போய்விடும். விவசாயிக்கு அது தொந்தரவுதான், ஆனால் எதிர்ப்பு சக்தி வளர்வதைத் தள்ளிப்போடுவதும் அதுதான். அதற்காகத் தெளிப்பில் எதிர்ப்பே வராது என்றும் சொல்ல முடியாது. ஹவாயில் முட்டைக்கோசைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி தெளித்த பி.டி.யையே தாங்கிக்கொண்டது, 1990ல் அது பதிவாகியிருக்கிறது. வாரா வாரம் விடாமல் அடித்தால் அப்படித்தான் ஆகும்.

இன்னொன்று, படிகம் செய்யும் மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிடில், அதாவது பாக்டீரியாவுக்குள் தனியாக இருக்கிற சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருக்கின்றன. அந்தப் பிளாஸ்மிடை இழந்துவிட்டால் இதை பேசில்லஸ் சீரியஸிடமிருந்து பிரித்துச் சொல்வதே கஷ்டம். அதாவது பழைய சோற்றைக் கெடுத்து வாந்தி வரவைக்கிற பாக்டீரியாவுக்கு இது நெருங்கிய சொந்தம். அதனால் 'இயற்கை' என்று சொல்லி வெறும் கையால் கலக்காமல், முகத்தில் துணியாவது கட்டிக்கொண்டு அடிப்பது நல்லது.

மேட்டுவயல்:

எல்லாம் சரி. எனக்கு ஒரு சந்தேகம், கோபம் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள். போன சம்பாவில் என் வயலில் சிலந்தி நிறையவே இருந்தது. குத்துக்கு ஒன்று இரண்டு பார்க்க முடிந்தது. நான் மருந்து அடிக்காமல் நம்பி விட்டேன். அப்படியும் பால் பிடிக்கிற நேரத்தில் வடக்கு மூலையில் தீய்ந்துவிட்டது. சிலந்தியைச் சொல்லிச் சொல்லி விவசாயியைச் சும்மா உட்கார வைக்கிறீர்களோ என்று தோன்றுகிறது. பி.டி. பொட்டலத்தையாவது எப்போது வேண்டுமானாலும் கடையில் வாங்கலாம். சிலந்தியை எந்தக் கடையில் வாங்குவது?

காவிரிக்கரை:

நண்பரே, உங்கள் கோபம் நியாயமானது, மழுப்பாமல் பதில் சொல்கிறேன்.

சிலந்தியை வாங்க முடியாது என்பது உண்மை. பாக்டீரியாவைத் தொட்டியில் நொதிக்க வைத்து டன் கணக்கில் எடுக்கலாம். ஓநாய்ச் சிலந்தியை அடைத்து வளர்த்தால் ஒன்றையொன்று தின்றுவிடும், உயிருள்ள இரையும் கொடுக்க வேண்டும். ஆகவே வியாபாரமாக அது நடக்காது. வயலிலேயே பெருகினால்தான் உண்டு.

சிலந்தி இருந்தால் எதுவும் செய்ய வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை, நமது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையே அதைக் கணக்கில் எடுத்துத்தான் போட்டிருக்கிறது. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு, அதாவது குத்தில் இருக்கிற ஒவ்வொரு கிளைத்தண்டுக்கும், ஒரு புகையான் வந்தாலே நடவடிக்கை எடுக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். அவ்வளவுதான் அது கொடுக்கிற இடைவெளி, இரண்டு மடங்கு. தூருக்கு ஐந்து, பத்து என்று ஏறிவிட்டால் சிலந்தியால் ஈடு கொடுக்க முடியாது, ஏனென்றால் புகையான் முட்டை ஏழெட்டு நாளில் பொரித்துவிடும், சிலந்தி முட்டையிட்டுக் குஞ்சு வளர்ந்து வேட்டைக்கு வர அதைவிட நிறைய நாள் ஆகும்.

வடக்கு மூலையில் மட்டும் தீய்ந்தது என்கிறீர்கள். அங்கே தண்ணீர் தேங்குமா? யூரியா எவ்வளவு போட்டீர்கள்? நடவு நெருக்கமா? காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால், தூர் அடியில் வெயிலும் காற்றும் பட்டால் புகையான் பாதி அடங்கிவிடும். எட்டடிக்கு ஓர் அடி பாதை விட்டு நடச் சொல்வதும் அதற்குத்தான். பக்கத்து வயல்காரர் என்ன அடித்தார் என்பதையும் விசாரியுங்கள், ஏனென்றால் இறக்கை முளைத்த புகையான் வரப்பைப் பார்த்து நிற்காது.

மேட்டுவயல்:

தேங்கும். வாய்க்கால் கடைசி அந்த மூலையில்தான் முடிகிறது. யூரியா மூன்று முறை. பக்கத்து வயலில் கதிர் வரும் முன்னே ஏதோ கலவை அடித்தார்கள், என்னவென்று தெரியாது.

ஆனால் நான் கேட்டதற்குப் பாதிதான் பதில் வந்திருக்கிறது. வயலிலேயே பெருகினால்தான் உண்டு என்கிறீர்கள், பெருக வைப்பது எப்படி?

மண்வாசம்:

நடுவில் புகுந்து எழுதுகிறேன், இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

சிலந்தியையும் மண் பாக்டீரியாவையும் போட்டிக்கு நிறுத்திப் பேசிக்கொண்டிருக்கிறோம், ஆனால் நெல் வயலில் சிலந்திக்குச் சோறு போடுவதே மண் பாக்டீரியாதான். பி.டி.யைச் சொல்லவில்லை, மண்ணில் இருக்கிற மற்ற கோடிக்கணக்கான பாக்டீரியாக்களைச் சொல்கிறேன். இந்தோனேசியாவில், ஜாவாவில் நடந்த ஆய்வு 1996ல் வெளியானது. நட்ட முதல் வாரங்களில் வயலில் புகையானே இருக்காது, ஆனாலும் சிலந்தி ஏராளமாக இருக்கும். எதைத் தின்று உயிர் வாழ்கிறது? தொழு உரமும் மக்கிய தாளும் தண்ணீருக்குள் அழுகும்போது நுண்ணுயிர்கள் பெருகுகின்றன, அவற்றையும் மக்கையும் தின்று கொசுவினப் புழுக்களும் தத்தும் வால்பூச்சிகளும் பெருகுகின்றன, அவற்றைத் தின்று சிலந்தி பெருகுகிறது. புகையான் வந்து இறங்கும்போது வேட்டைக்கு ஆள் தயாராக இருக்கிறது. மக்குப் பொருளைக் கூடுதலாகப் போட்ட இடங்களில் இந்த இரைப் பூச்சிகளும் கூடின, வேட்டையாடிகளும் கூடின.

ஆகவே மேட்டுவயல் ஐயா, பெருக வைக்கிற வழி நடவுக்கு முன்னாலேயே தொடங்குகிறது. பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது, தொழு உரம் போடுவது, நட்ட முதல் நாற்பது நாள் இலையில் நாலு புழு தெரிந்ததற்காக மருந்து அடிக்காமல் இருப்பது. அந்த வயதில் இலை போனால் பயிர் திரும்பவும் தழைத்துக்கொள்ளும், சிலந்தி போனால் சீக்கிரம் திரும்பாது.

இந்தோனேசியாவின் அனுபவம் நமக்குப் பெரிய பாடம். 1984ல் அரிசியில் தன்னிறைவு என்று அறிவித்தார்கள், இரண்டே வருஷத்தில் புகையான் அடித்துப்போட்டது. மருந்துக்கு அரசே மானியம் கொடுத்துக்கொண்டிருந்தது. 1986ல் அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்து உத்தரவு போட்டார், பின்னர் மானியத்தையும் நிறுத்தினார்கள். அதற்குப் பின்னால் இருந்த அறிவியல், மருந்து அடிக்க அடிக்கப் புகையான் கூடுகிறது என்று வயலில் நிரூபித்துக் காட்டிய ஆய்வுகள். முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்கிறது, பூச்சியும் தூர் அடியில் ஒளிந்துகொள்கிறது, குத்துக்குக் குத்து ஓடித் திரிகிற சிலந்திதான் மருந்தில் அதிகமாக நனைகிறது.

நுண்ணுயிர்மாணவி:

மண்வாசம் சொன்ன சங்கிலியை வைத்துப் பார்த்தால் பி.டி. சிலந்திக்குத் தீங்கே செய்யாது என்று பொதுவாகச் சொல்வதையும் கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டும். நேரடியாகச் செய்யாது, அது உறுதி. சீனாவில் சோதனைக்கு வளர்த்த பி.டி. நெல்லில் பூச்சி வழியாக அந்தப் புரதம் சிலந்தி உடம்பு வரை போயிருப்பதைக் கண்டார்கள், பெரிய சேதம் ஏதும் தெரியவில்லை. ஆனால் கொசுப் புழுவுக்கு அடிக்கிற இஸ்ரேலென்சிஸ் ரகம் கொசுவினத்தைச் சேர்ந்த மற்ற சிறு ஈக்களின் புழுக்களையும் கொல்லக்கூடியது. பிரான்சின் கமார்க் ஈரநிலங்களில் இதைத் தெளித்த இடங்களில், தகைவிலான் குருவிகள் குஞ்சுக்குக் கொண்டுபோன உணவில் கொசுவினங்களும், அவற்றைப் பிடித்துத் தின்னும் சிலந்தி, தும்பிகளும் குறைந்திருந்தன, குஞ்சுகளும் குறைவாகவே தேறின. 2010ல் வெளியான ஆய்வு. இரையைக் கொன்றால் சிலந்தி தானாகக் குறையும், நஞ்சு அதன் மேல் படவே வேண்டாம்.

பருத்திக்காடு:

அப்படியானால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது என்றுதானே அர்த்தம்?

நுண்ணுயிர்மாணவி:

இல்லை அண்ணா. குர்ஸ்டாகி ரகத்தை நெல்லில் இலை சுருட்டுப்புழுவுக்கு அடித்தால் சிலந்திக்கும் கொசுவின ஈக்களுக்கும் பாதிப்பு இல்லை. சுருட்டிய இலைக்குள் உட்கார்ந்திருக்கிற புழுவைச் சிலந்தியால் சுலபமாகப் பிடிக்கவும் முடியாது, அந்துப்பூச்சியாக வெளியே வந்தால்தான் பிடிக்கும். ஒன்று விட்டதை இன்னொன்று எடுக்கிறது. சிலந்தியைக் காப்பாற்றிக்கொண்டே புழுவைக் குறைக்க வேண்டும் என்றால் பி.டி.யைப் போலத் தோதான மருந்து குறைவு. சாயங்காலம் அடியுங்கள், புழு சிறிதாக இருக்கும்போதே அடியுங்கள், கரைத்த கலவையை மறுநாளைக்கு வைக்காதீர்கள்.

இன்னும் ஆச்சரியமான கூட்டணி ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ப்ளூ மவுண்டன்ஸ் மலைப்பகுதியில் ஹட்ரோனிகி வெர்சுட்டா என்று ஒரு புனல்வலைச் சிலந்தி. அதன் நஞ்சில் இருக்கிற ஒரு சிறு புரதம் பூச்சிகளின் நரம்பை மட்டும் தாக்கும், பாலூட்டிகளை ஒன்றும் செய்யாது. அந்தப் புரதத்தை ஈஸ்ட்டில் வளர்த்து எடுத்துப் பூச்சிக்கொல்லியாக்கினார்கள், 2014ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அனுமதி கொடுத்தது. ஆனால் ஒரு சிக்கல். சிலந்தி கடித்தால் நஞ்சு நேராகப் பூச்சியின் உடம்புக்குள் போகும். இலையில் தெளித்ததைப் புழு தின்றால் குடல் சுவரைத் தாண்டுவது கஷ்டம். அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? கொஞ்சம் பி.டி.யைச் சேர்த்து அடிக்கச் சொன்னார்கள். பாக்டீரியா குடலில் ஓட்டை போடும், அந்த ஓட்டை வழியாகச் சிலந்தியின் நஞ்சு உள்ளே போய் நரம்பைத் தாக்கும். தனித்தனியே இருந்த இரண்டு ஆயுதங்கள் ஒரே புழுவின் வயிற்றில் சேர்ந்து வேலை செய்கின்றன. இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

பட்டுக்கூடு:

உடுமலைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் பி.டி. பாதுகாப்பானது என்கிறீர்கள், பட்டுப்புழு வளர்க்கிறவர்களையும் கொஞ்சம் நினையுங்கள். நுண்ணுயிர்மாணவி சொன்ன மாதிரி இது முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே செத்த பட்டுப்புழுவில்தான். பக்கத்துத் தோட்டத்தில் முட்டைக்கோசுக்கு அடித்தது காற்றில் வந்து மல்பெரி இலையில் படிந்து, அந்த இலையை வெட்டிப் போட்டதில் ஒரு பட்டம் முழுக்கப் போன வீடு எனக்குத் தெரியும். புழு தின்பதை நிறுத்தி, உடம்பு துவண்டு, தட்டோடு கறுத்துக் கிடந்தது. மல்பெரி இருக்கிற ஊரில் பி.டி. அடிக்கிறவர்கள் தயவுசெய்து முதல் நாளே சொல்லிவிடுங்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டு அடியுங்கள். சிலந்தியால் இந்தத் தொல்லை இல்லை, வளர்ப்பு மனைக்குள் வராமல் வலை கட்டிவிட்டால் போதும்.

காவிரிக்கரை:

இது எல்லோரும் படிக்க வேண்டிய விஷயம் ஐயா. நெல்லும் மல்பெரியும் அக்கம்பக்கம் இருக்கிற இடங்களில் இலை சுருட்டுப்புழுவுக்குக்கூடப் பி.டி. வேண்டாம் என்பேன், பூச்சி முட்டைகளை அழிக்கிற ஒட்டுண்ணிக் குளவி இருக்கும் அட்டையை வயலில் கட்டலாம்.

மேட்டுவயல் நண்பரே, உங்களுக்குக் குறிப்பாக ஒன்று. அறுவடை நேரம்தான் சிலந்திக்குப் பெரிய கண்டம், ஒரே நாளில் வீடு வாசல் எல்லாம் போய்விடும். வரப்பில் புல்லை முழுக்கச் செதுக்காமல் ஒரு பக்கமாவது விட்டுவையுங்கள், களைக்கொல்லி மட்டும் வேண்டாம். சீனாவில் வைக்கோலைச் சின்னச் சின்னக் கட்டாகக் கட்டி அறுத்த வயலில் ஆங்காங்கே வைப்பார்கள், சிலந்தி அதற்குள் போய் ஒதுங்கிக்கொள்ளும், அடுத்த நடவு முடிந்ததும் கட்டைத் தூக்கிப் புது வயலில் வைத்துவிடுவார்கள். நம் ஊரில் மெஷின் அறுத்துப் போட்ட வைக்கோலைக் கொளுத்துகிறார்கள் அல்லது ஒரு துரும்பு விடாமல் சுருட்டி விற்றுவிடுகிறார்கள். நாலு கட்டு விட்டுவைத்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

மேட்டுவயல்:

செய்து பார்க்கிறேன். வடக்கு மூலைக்கு வடிகால் வெட்ட ஆள் சொல்லியாகிவிட்டது. தக்கைப்பூண்டு விதை இங்கே கடையில் இல்லை, யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், ஒன்றரை ஏக்கருக்கு வேண்டும்.